பெருநாள் அன்று கடையை மூடினால் மட்டும் போதுமா?

ஒவ்வொரு வருடமும் தீபாவளி நெருங்கும்போது கோலாலம்பூரில் நம் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தப் பேச்சு வந்துவிடும். பேரங்காடியில் காஷியராக இருக்கும் மகளுக்குத் தீபாவளியன்று ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள் என்று ஒருவர் வருத்தப்படுவார். அன்று லீவு கொடுத்தே ஆகவேண்டும், தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள் என்று இன்னொருவர் சொல்வார். வேலைக்குப் போனால் மூன்று மடங்கு சம்பளமாச்சே, அப்புறம் என்ன வருத்தம் என்று வேறொருவர் கேட்பார். பேச்சு முற்றி, பெருநாள் என்றால் எல்லாக் கடைகளையும் மூடச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட வேண்டும் என்பதில் போய் நிற்கும். இந்தக் கோரிக்கையில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் கதவைச் சாத்துவதால் மட்டும் கடையில் வேலை செய்கிறவருக்குப் பண்டிகை கிடைத்துவிடாது. அது ஏன் என்று புரிய வேண்டுமென்றால், சட்டம் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் அதைப் பற்றி நம்மிடையே உலவுவதில் பெரும்பகுதி அரைகுறை.

தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்துவது 1955ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் (சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள்). அதன் 60D பிரிவின்படி ஒரு தொழிலாளிக்கு வருடத்தில் குறைந்தது 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு உண்டு. இந்தப் பதினொன்றில் ஐந்து யாராலும் மாற்ற முடியாதவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், அந்தந்த மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநரின் பிறந்தநாள் (கோலாலம்பூர்க்காரர்களுக்குக் கூட்டரசுப் பிரதேச தினம்), தொழிலாளர் தினம், மலேசியா தினம். இந்த ஐந்தையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒரு பண்டிகைகூட இல்லை. தீபாவளி மட்டும் அல்ல, நோன்புப் பெருநாளும் இல்லை, சீனப் பெருநாளும் (சீனப் புத்தாண்டு) இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. எல்லாம் நாட்டின் நாட்கள், வீட்டின் நாட்கள் எதுவும் கட்டாயப் பட்டியலில் கிடையாது.

மீதி ஆறு? அதை முதலாளி தேர்ந்தெடுக்கிறார். அரசாங்கம் அறிவித்திருக்கும் பொது விடுமுறைகளிலிருந்து ஆறைப் பொறுக்கி, வருடம் பிறப்பதற்கு முன்பே எல்லாரும் பார்க்கும்படி வேலையிடத்தில் ஒட்டிவைக்க வேண்டும். பல கடைகளில் அந்தத் தாளை ஊழியர்கள் வந்துபோகும் பின்வாசலில், வருகை பதியும் மெஷினுக்குப் பக்கத்தில், தீயணைப்புப் பயிற்சி அறிவிப்புக்கும் பழைய ஷிஃப்ட் அட்டவணைக்கும் நடுவில் பார்க்கலாம். ஒரு வருடத்துக்கு நமக்கு எந்தப் பண்டிகை உண்டு, எது இல்லை என்பது அந்த ஒற்றைத் தாளில் முடிவாகிவிடுகிறது. அதை நின்று படிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சிறப்பு விடுமுறைகளை விட்டுவிட்டால் கோலாலம்பூரில் வருடத்துக்கு 18 பொது விடுமுறைகள். கட்டாயமான ஐந்து போக 13 மிச்சம். அதில் ஆறு. சீனப் பெருநாளுக்கு இரண்டு நாள், நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் என்று பெரும்பாலான கம்பெனிகள் முதலில் எடுத்துக்கொள்ளும். நான்கு போயிற்று. மிச்சம் இரண்டு இடங்களுக்குத் தீபாவளி, கிறிஸ்துமஸ், ஹஜ்ஜுப் பெருநாள், பௌத்தர்களின் விசாக தினம், தைப்பூசம், ஆங்கிலப் புத்தாண்டு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. தீபாவளி அநேகமாக உள்ளே வந்துவிடும். தைப்பூசம் வெளியே நிற்கும். 2008 ஜனவரியில் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் தைப்பூச விடுமுறையை அறிவித்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். அரசாங்க ஊழியர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது விடுமுறைதான், அதில் சந்தேகமில்லை. தனியார் கடையில் வேலை செய்யும் ஒருவருக்கோ, முதலாளியின் ஆறு நாட்களுக்குள் தைப்பூசம் இருந்தால்தான் விடுமுறை. இல்லையென்றால் பத்துமலைக்குக் காவடி எடுக்க வருடாந்திர லீவைத்தான் போட வேண்டும், மேலாளர் அதற்குச் சம்மதிக்கவும் வேண்டும்.

ஆக "தீபாவளிக்குச் சட்டப்படி லீவு கொடுத்தே ஆகவேண்டும்" என்பது தவறு. ஆறில் ஒன்றாகத் தீபாவளியைச் சேர்த்திருந்தால்கூட, தொழிலாளியும் முதலாளியும் பேசி ஒத்துக்கொண்டால் அதற்குப் பதிலாக வேறொரு நாளை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒத்துக்கொண்டால் என்பதுதான் முக்கியம். வேலைக்குச் சேரும்போது பத்துப் பக்கத் தாள்களில் கையெழுத்து வாங்குகிறார்களே, அதற்குள் இப்படி ஒரு வரி இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள் என்றுதான் உங்களிடம் சொல்வார்கள்.

சரி, மூன்று மடங்கு சம்பளம் விஷயத்துக்கு வருவோம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் தன் பொது விடுமுறையில் வேலை செய்தால், மாதச் சம்பளத்தில் ஏற்கெனவே அடங்கியிருக்கும் அந்த நாளின் கூலியோடு இன்னும் இரண்டு நாள் கூலி சேர்த்துக் கொடுக்க வேண்டும். அன்று வழக்கமான நேரத்துக்கும் குறைவாகவே வேலை செய்திருந்தாலும் முழு இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் ஓவர்டைம் பார்த்தால் மணிக் கூலியைப் போல மூன்று மடங்கு. 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை வைத்துப் பார்த்தால், 26ஆல் வகுத்து ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென். எனவே தீபாவளியன்று வேலைக்கு வந்ததற்குக் கூடுதலாக ஏறக்குறைய 131 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கைக்கு வரும். வாடகை, மோட்டார் தவணை, பிள்ளைகளின் பள்ளி பஸ் என்று ஓடும் குடும்பத்துக்கு 131 வெள்ளி சின்னத் தொகை இல்லை. வேண்டுமென்றே அன்று வேலை கேட்டு வாங்குகிறவர்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையை மூடு என்று நாம் கேட்கும்போது இவர்களுடைய 131 வெள்ளியையும் சேர்த்துத்தான் மூடச் சொல்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் இந்தக் கூடுதல் கூலி எல்லாருக்கும் கிடையாது. 2023 ஜனவரி 1 முதல் சட்டம் எல்லாச் சம்பள நிலையினருக்கும் விரிந்தது உண்மை, வார வேலை நேரமும் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்கு ஓவர்டைமும் பொது விடுமுறை வேலைக்கான கூடுதல் கூலியும் சட்டப்படி கட்டாயமில்லை. பெரிய கடைகளில் கிளை மேலாளர்கள் பலர் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். பெருநாள் அன்று ஆள் பற்றாக்குறை என்றால் முதலில் கடைக்கு ஓடி வருவதும் அவர்கள்தான்.

இனி கடைகள் ஏன் மூடுவதில்லை என்பதைப் பார்ப்போம். பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் பெரிய பேரங்காடிக்குள் இருக்கும் ஒரு செருப்புக் கடைக்கோ கண்ணாடிக் கடைக்கோ தானாக மூடும் சுதந்திரமே பல நேரம் இருப்பதில்லை. கட்டடம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கடையும் திறந்திருக்க வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள், மீறினால் அபராதம். சொந்தக் கட்டடம் வைத்திருக்கும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கோ வேறு பயம்: நான் மட்டும் மூடினால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இரண்டு கடைக்காரர்களுக்குமே மூட விருப்பம் இருந்தாலும், முதலில் மூடுகிறவருக்கு நஷ்டம் என்பதால் இருவரும் திறந்தே வைத்திருப்பார்கள். சட்டம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். எல்லாரும் ஒரே நாளில் மூடினால் யாருக்கும் போட்டி நஷ்டம் இல்லை. அரிசியும் எண்ணெயும் அன்று விற்காவிட்டால் முதல் நாளோ மறுநாளோ விற்றுவிடும்.

வெளிநாடுகளில் இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004இல் வந்த சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேலான கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கவே கூடாது, சின்னக் கடைகள் திறக்கலாம். நியூசிலாந்தில் வருடத்துக்கு மூன்றரை நாட்கள் கடையடைப்பு: புனித வெள்ளி, ஈஸ்டர் ஞாயிறு, கிறிஸ்துமஸ், அப்புறம் போர் வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினத்தில் மதியம் ஒரு மணி வரை. அமெரிக்காவில் தேசம் முழுவதற்குமான சட்டம் எதுவும் இல்லை, மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் மட்டும் நன்றி தெரிவிக்கும் நாளில் பெரிய கடைகள் திறக்க முடியாது. ஆனால் 2020இல் கொரோனா காலத்தில் வால்மார்ட், டார்கெட் போன்ற பெரிய கடைகள் அந்த நாளில் மூடிப் பார்த்தன, தொடர்ந்து வந்த வருடங்களிலும் மூடின. சட்டம் போட்டுத் தோற்றதும் உண்டு. ஹங்கேரி 2015இல் ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பைக் கொண்டுவந்தது, மக்கள் எதிர்த்ததால் 2016 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. வாரத்துக்கு ஒரு நாள் என்பது ஜனங்களுக்குத் தாங்கவில்லை, வருடத்துக்கு ஒன்றிரண்டு நாள் என்றால் தாங்குகிறது, இதுதான் நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது.

ஆனால் அங்கெல்லாம் பெரும்பான்மையினருக்கு ஒரே பண்டிகை. நம் ஊர் அப்படி இல்லை.

இங்கே சீனப் பெருநாள் வந்தால் இரும்புக் கடை, மோட்டார் பட்டறை, கோப்பிக் கடை எல்லாம் நான்கு நாள், ஒரு வாரம்கூட மூடிக் கிடக்கும். நோன்புப் பெருநாளுக்கு இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடைகள் பல மூடிவிடும், காலை ரொட்டி சானாய்க்கு அலைய வேண்டியிருக்கும். எந்தச் சட்டமும் இவர்களை மூடச் சொல்லவில்லை. முதலாளிக்கும் அன்று பண்டிகை, வேலையாளுக்கும் அன்று பண்டிகை, அதனால் தானாகவே மூடுகிறார்கள், நகரமும் அதற்கேற்ப முன்கூட்டியே சாமான் வாங்கி வைத்துச் சமாளித்துக்கொள்கிறது. பேரங்காடியை நடத்துவது ஒரு கம்பெனி, கம்பெனிக்குப் பண்டிகை கிடையாது. அங்கே ஒரு பெருநாளுக்குக் கடை நேரத்தைக் குறைப்பதும் குறைக்காததும், எத்தனை பேர் வேலைக்கு வரமாட்டார்கள் என்பதைப் பொறுத்த விஷயம். நோன்புப் பெருநாளுக்கு மலாய் ஊழியர்கள் எல்லாரும் கம்பத்துக்கு, அதாவது சொந்தக் கிராமத்துக்கு, கிளம்பிவிட்டால் கடையை வழக்கம்போல நடத்த முடியாது, ஆகவே நேரம் குறையும். மலேசியரில் இந்தியர்கள் சுமார் 7 விழுக்காடு. நாற்பது பேர் வேலை செய்யும் கடையில் நம்மவர்கள் மூன்று பேர் இருப்பார்கள். அவர்கள் இல்லாமலும் கடை ஓடும்.

அப்படியென்றால் அந்த மூன்று பேருக்குத் தீபாவளிக்கு லீவு கொடுப்பது எவ்வளவு சுலபம்! நல்ல மேலாளர்கள் இருக்கும் கடைகளில் அப்படித்தான் நடக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு லட்சுமியும் மெய்லிங்கும் கடையைப் பார்த்துக்கொள்வார்கள், தீபாவளிக்கு அமீனா பார்த்துக்கொள்வார் என்று ஊழியர்களே தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்வார்கள். இந்த நாட்டில் நான் மதிக்கும் விஷயங்களில் இது ஒன்று. எந்தத் தாளிலும் எழுதாத ஏற்பாடு, பல்லாண்டுகளாக நடக்கிறது. ஆனால் எழுதாத ஏற்பாடு என்பதால்தான் புதிதாக ஒரு மேலாளர் வந்தாலோ, தலைமையகத்திலிருந்து கம்ப்யூட்டரில் ஷிஃப்ட் போட ஆரம்பித்தாலோ அது ஒரே நாளில் காணாமல் போகிறது. நோன்புப் பெருநாளுக்கு நின்று வேலை பார்த்த பிள்ளைக்குத் தீபாவளிக்கும் ஷிஃப்ட் விழுகிறது.

இன்னொரு விஷயம் இருக்கிறது, கடையடைப்புக் கோரிக்கை இதைத் தொடுவதே இல்லை. பண்டிகை தொடங்குவது முதல் நாள் இரவில். சீனர்களுக்குக் குடும்பமே ஒன்றுகூடிச் சாப்பிடும் விருந்து பெருநாளுக்கு முந்தைய இரவு. மலாய்க்காரர்கள் வீட்டில் பெருநாள் பலகாரமான கெத்துப்பாட்டும் ரெண்டாங் கறியும் வேகும் இரவும் அதுதான். நம் வீடுகள் பலவற்றில் முன்னோருக்குப் படையல் போடுவதும் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம்தான். அந்த மாலைதான் கடைகளில் கூட்டம் அலைமோதும் நேரமும். சட்டம் மறுநாளைக் கொடுத்தாலும் இந்த மாலையைக் கொடுப்பதில்லை.

என் அக்கா மகள் நகரத்தில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தீபாவளியன்று முறைப்படி லீவு இருந்தது. முதல் நாள் மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். பத்து மணிக்குக் கதவு இறங்கினாலும் கல்லாவில் இருக்கும் காசை எண்ணி, அட்டை ரசீதுகளோடு சரிபார்த்து, குறைந்தால் திரும்ப எண்ணி, கையெழுத்துப் போட்டு வெளியே வர பத்தே முக்கால் ஆகிவிட்டது. எல்ஆர்டி ரயில் பிடித்து வீடு வந்தபோது படையல் முடிந்து, தாத்தா படத்துக்கு முன்னால் இருந்த வாழையிலையை எடுத்தாயிற்று. காலை நான்கரைக்கு எண்ணெய்க் குளியலுக்கு எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, மதியம் விருந்தாளிகள் வந்தபோது அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். இதில் எந்தச் சட்டத்தையும் யாரும் மீறவில்லை. அவளுக்குக் கிடைத்தது ஓய்வு நாள் ஒன்று, தீபாவளி கிடைக்கவில்லை.

நம் சொந்தக் கடைகளையும் பேசத்தான் வேண்டும். பினாங்கு லெபோ பசாரிலோ, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ, ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலோ தீபாவளிக்கு முந்தைய வாரம் போய்ப் பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் துணிக்கடையில் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பார். வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட சேலைகளை முந்தானை வெளியே தெரியும்படி மடித்து, அட்டையை உள்ளே செருகி, அடுக்கில் வைப்பதற்குள் அடுத்தவர் இன்னும் நான்கைப் பிரிக்கச் சொல்வார். உட்கார இடமிருக்காது. அவர் வேலை பெர்மிட்டில் இந்தியாவிலிருந்து வந்தவராக இருந்தால், பிள்ளைகளோடு வீடியோ காலில் பேசுவதற்குக்கூட அந்த வாரத்தில் நேரம் கிடைக்காது. அவருக்கும் இதே சட்டம்தான், இதே ஓவர்டைம் கணக்குதான் பொருந்தும் என்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். தீபாவளியன்று கடை மூடியிருக்கும், உண்மைதான், ஊழியர்கள் அன்று விடுதியில் படுத்துக் கிடப்பார்கள். பேரங்காடிக்காரனைத் திட்டுகிற நாம்தான் முதல் நாள் ராத்திரி பத்தரைக்கு இந்தக் கடைக்குள் நுழைந்து ரவிக்கைத் துணிக்குப் பொருத்தம் பார்க்கிறோம். எனக்கு மனம் பொறுக்காத இடம் இது. கடை அத்தனை நேரம் திறந்திருப்பது நாம் அத்தனை நேரம் போவதால்தான்.

சரி, என்னதான் செய்யலாம்? பெரிய கடைகளும் பேரங்காடிகளும் நோன்புப் பெருநாள் முதல் நாள், சீனப் பெருநாள் முதல் நாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகிய நான்கு நாட்களில் மூட வேண்டும் என்று சட்டம் வரலாம் என்பது என் கருத்து. இங்கிலாந்தில் இருப்பதுபோல் அளவு வைத்து, மருந்தகம், பெட்ரோல் நிலையம், மூலைக்கு மூலை இருக்கும் சின்ன மளிகைக் கடை இவற்றை விட்டுவிடலாம். கூடுதல் கூலியை நம்பியிருப்பவருக்கு மீதி ஏழு விடுமுறைகள் இருக்கின்றன. ஆனால் இந்தக் கடையடைப்பைவிட முக்கியமாக எனக்குப் படுவது இரண்டு மாற்றங்கள். ஒன்று, முதலாளி தேர்ந்தெடுக்கும் ஆறு நாட்களில் இரண்டையாவது தொழிலாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். தைப்பூசம் வேண்டியவர் தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளட்டும், விசாகம் வேண்டியவர் விசாகத்தை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டாவது, தன் பெருநாளுக்கு முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒருவருக்கு ஷிஃப்ட் போடக் கூடாது. இந்த இரண்டாவதற்குக் கடையை மூடக்கூட வேண்டாம். நாற்பது பேரில் அந்த மூன்று பேரை மட்டும் ஐந்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பினால் போதும், அமீனாவும் மெய்லிங்கும் பார்த்துக்கொள்வார்கள். எல்லாருமே நம்மவர்களாக இருக்கும் துணிக்கடைகளுக்கு இது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் ஒன்று முதல் நாள் சாயங்காலமே மூட வேண்டும், அல்லது இரண்டு குழுவாகப் பிரித்து ஒவ்வொரு வருடமும் ஒரு குழுவை முன்னதாக அனுப்ப வேண்டும்.

ஷிஃப்ட் போடுவது குழப்பமாகிவிடும் என்று முதலாளிகள் சொல்வார்கள். பெருநாட்களில் பெரும்பாலானவற்றின் தேதி வருடத் தொடக்கத்திலேயே தெரியும், நோன்புப் பெருநாள் போன்ற சில மட்டும் பிறை பார்த்து ஒரு நாள் முன்பின்னாகலாம். யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று டிசம்பரில் ஒரு தாளில் எழுதி வாங்குவது, விடுமுறைப் பட்டியல் ஒட்டுவதைவிடப் பெரிய வேலை ஒன்றுமில்லை. ஏற்கெனவே 2023 முதல் 60P, 60Q பிரிவுகளின்படி வேலை நேரத்தை மாற்றிக் கேட்டுத் தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் மேலாளரிடம் போய்க் கெஞ்சுவதைவிட, ஆகஸ்டிலேயே இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு முதல் நாள் மாலைக்கு விண்ணப்பம் கொடுத்துவிடலாம். கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஆனால் காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது. பின்வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் பெருநாள் இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இருந்தும் வேலை வாங்கிவிட்டு இரண்டு நாள் கூலியைச் சேர்க்கவில்லை என்றால், சம்பளச் சீட்டையும் ஷிஃப்ட் அட்டவணையின் படத்தையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வியே ஆதாரம் இருக்கிறதா என்பதாகத்தான் இருக்கும்.